யூனிற்றுக்கு எத்தனை கிலோமீற்றர்? வன்னி வீதியில் மின்காரின் கணக்கு

1990 முதல் 2002 தொடக்கம் வரை இலங்கையின் வடக்கே, போர் நடந்த வன்னிக்குள் பெற்றோல் வருவதற்கு அரசின் தடை இருந்தது. அந்த ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில் இங்கே ஓடிய மோட்டார் சைக்கிள்களும் பழைய கார்களும் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடியவை. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளி விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை மண்டும், பிளக் அடிக்கடி கரிபிடிக்கும், ஆனாலும் வண்டி போய்ச் சேரும். தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. வானொலியில் செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் மின்சாரம் எடுத்தார்கள். ஒரு லீற்றர் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை இந்தச் சனத்துக்கு எந்தப் பொறியியலாளரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2009 மே மாதத்தில் வன்னியின் கிழக்குக் கரையில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த பிறகு, அந்த ஊரைச் சுற்றி எரிந்தும் துளைபட்டும் கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களும் சைக்கிள்களும் பல காலம் குவியல்களாகக் கிடந்து பழைய இரும்பாகப் போயின. மீண்டு வந்தவர்கள் சைக்கிளிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பிறகு 2022 வந்தது. நாடு முழுவதும் பெற்றோலுக்கு வரிசையில் நின்றது. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று அளந்து கொடுத்தார்கள். கொழும்பு அதை ஒரு பேரதிர்ச்சியாகப் பேசியது. வன்னிக்கு அது பழைய பாடத்தின் அடுத்த பக்கம்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியாருக்கும் திறக்கப்பட்டது. விளம்பரப் பலகைகளில் மின்கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீற்றர் என்று பெரிய எண் இருக்கும், அந்த எண் எந்த வீதியில், எந்த வெயிலில் வந்தது என்று சொல்லும் வரி இருக்காது. முள்ளிவாய்க்காலில் மின்கார் இன்னும் அரிது. இங்கே ஓடுபவை சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, லாண்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரம். ஆனால் வெளிநாட்டு உறவுகளின் காசிலோ லீசிங்கிலோ ஒரு கார் வாங்க நினைக்கும் குடும்பம் இனிக் கேட்கப்போகும் முதற் கேள்வி இதுதான்: எங்கள் வீதியில் இது யூனிற்றுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? அச்சிட்ட எண் எதிலும் அதற்கு விடை இல்லை. விடையை நாமே அளக்க வேண்டும், அளக்கவும் முடியும்.

சீன நிறுவனமான பிவைடியின் அட்டோ 3 என்ற காரை எடுத்துக்கொள்வோம். அதன் பற்றரி 60.48 யூனிற் கொள்ளும். (ஒரு யூனிற் என்றால் ஒரு கிலோவாட்மணி, கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிற்.) சீனாவின் சோதனை முறைப்படி இந்தக் கார் 510 கிலோமீற்றர் ஓடும். ஐரோப்பாவின் பழைய முறைப்படி 480, இப்போதைய முறைப்படி 420. காரும் ஒன்று, பற்றரியும் ஒன்று. சீனச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீற்றர் அளவு. இப்போதைய ஐரோப்பியச் சோதனையின் சராசரி 46.5, உச்ச வேகம் 131. பெரும்பாலும் நகர நெரிசலைப் பாவனை செய்து அளந்த எண்ணும், நெடுஞ்சாலை வேகத்துக்குக் கூடிய இடம் கொடுத்து அளந்த எண்ணும் ஒன்றாகாது. விற்பவர் எந்த எண்ணைப் பலகையில் எழுதுவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இலங்கைக்கு 2014, 2015 ஆண்டுகளில் வந்து குவிந்த நிசான் லீஃப் இன்னும் நல்ல உதாரணம். அதன் 24 யூனிற் பற்றரிக்கு ஜப்பானியச் சோதனை 228 கிலோமீற்றர் கொடுத்தது. 2014 மாதிரிக்கு அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் கொடுத்தது 84 மைல், அதாவது 135 கிலோமீற்றர். ஜப்பானியச் சோதனையின் சராசரி வேகம் 24 கிலோமீற்றர்தான். அமெரிக்கர்கள் வேகமான ஓட்டம், ஏசி, குளிர் ஆகியவற்றுக்கும் இடம்விட்டு, சோதனையில் வந்ததிலிருந்து கழித்து எண்ணை எழுதுகிறார்கள். ஜப்பானிலிருந்து பாவித்த லீஃப் வாங்கிய பலர் 228 ஐ நம்பித்தான் வாங்கினார்கள்.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நாம் பழகியது லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று. அதையே மின்காருக்கும் கொண்டுவந்து யூனிற்றுக்கு இத்தனை என்கிறோம். யூனிற்றுக்கு 5 ஓடும் காரை விட்டு 6 ஓடும் காருக்கு மாறினால் 100 கிலோமீற்றருக்கு 3.3 யூனிற் மிச்சம். 8 இலிருந்து 9 க்கு மாறினால் மிச்சம் 1.4 யூனிற் மட்டுமே. இரண்டிலும் கூடியது ஒரே ஒரு கிலோமீற்றர், சட்டைப்பையில் மிஞ்சுவதோ இரண்டாவதில் பாதிக்கும் குறைவு. இந்த மயக்கத்தை லாரிக், சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008 இல் ‘சயன்ஸ்’ இதழில் எடுத்துக் காட்டினார்கள். கார்களை ஒப்பிடும்போது 100 கிலோமீற்றருக்கு எத்தனை யூனிற் என்று கேட்பதே நேர்வழி. இந்தக் கட்டுரையின் தலைப்பு ஊர்ப் பேச்சுக்கு, கணக்குக்கு அல்ல.

இனி நம் வீதிக்கு வருவோம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதி விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று போகிறது. மலை இல்லை, மேடு இல்லை, சிக்னல் விளக்கும் இல்லை என்றே சொல்லலாம். சட்டப்படி ஊருக்கு வெளியே காரின் உச்ச வேகம் 70, ஊருக்குள் 50. மின்கார் ஓட்ட இதைவிட இணக்கமான வீதி கிடைப்பது கடினம்.

ஏன் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள, லீஃப் போன்ற உருவமுள்ள ஒரு கார். அதை எதிர்ப்பவை இரண்டு: ரயரின் உருள் எதிர்ப்பும் காற்றும். முதலாவது வேகத்தோடு அதிகம் மாறாது, சுமார் 157 நியூட்டன் என்று வைக்கலாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: மணிக்கு 60 இல் 106 நியூட்டன், 100 இல் 295. பற்றரியிலிருந்து சில்லுக்குப் போகும் வழியில் 15 விழுக்காடு வீணாகிறது என்றும், ஏசி தொடர்ந்து ஒரு கிலோவாட் இழுக்கிறது என்றும் கொண்டால், சீரான 60 இல் 100 கிலோமீற்றருக்கு 10.3 யூனிற் போதும். 80 இல் 12.5. அதிவேகப் பாதையின் 100 இல் 15.8. கொழும்பிலிருந்து மாத்தறைக்கு அதிவேகப் பாதையில் பறக்கும் அதே கார், ஏ35 இல் 60 இல் போனால் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரத்தில் ஓடிவிடும். மாடு குறுக்கே வரும், பஸ் திடீரென நிற்கும், பிரேக் பிடித்துப் பிடித்து எடுக்க வேண்டிவரும். அதையெல்லாம் சேர்த்து 12, 13 என்று வைத்துக்கொண்டாலும் நல்ல எண்தான்.

இந்தக் கணக்கில் பலர் எதிர்பாராத ஒன்று ஒளிந்திருக்கிறது. மெதுவாகப் போகப் போகச் செலவு குறைந்துகொண்டே போவதில்லை. 40 இல் 9.2 யூனிற். 30 இல் கிட்டத்தட்ட அதே அளவு. 20 க்கு இறங்கினால் செலவு 10.5 க்கு ஏறிவிடுகிறது, 60 இல் போவதைவிடச் சற்றுக் கூட. காரணம் ஏசி. அது தூரத்தைப் பார்ப்பதில்லை, நேரத்தைப் பார்க்கிறது. ஊர்ந்து போனால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது அதிக நேரம் ஓடுகிறது. சித்திரை வெயிலில் நின்ற காரை எடுத்ததும் முதல் பத்து நிமிடம் ஏசி இழுப்பது ஒரு கிலோவாட்டைவிட நன்றாகவே கூட இருக்கும். வேப்பமர நிழலில் நிறுத்துவதும், சார்ஜ் வயரில் இருக்கும்போதே ஏசியைப் போட்டு உள்ளே குளிரவைத்துவிட்டுப் புறப்படுவதும் பணச்செலவில்லாத முன்னேற்றங்கள்.

காற்றைப் பற்றி முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிப்பவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் பரந்தனிலிருந்து கிழக்கே வரும் கார் காற்றை முதுகில் வாங்குகிறது, திரும்பிப் போகும்போது முகத்தில் வாங்குகிறது. 20 கிலோமீற்றர் வேகக் காற்று என்று வையுங்கள். 60 இல் போகும் காருக்கு எதிர்க்காற்றில் 13 யூனிற் வேண்டும், பின்காற்றில் 8.3. ஒரே கார், ஒரே வீதி, ஒரே நாள், ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம். போகவும் வரவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நினைப்போம். முழுதாகச் சரிக்கட்டாது. வர்க்கத்தில் ஏறும் எதிர்ப்பு எதிர்க்காற்றில் பறிப்பது, பின்காற்றில் கொடுப்பதைவிடக் கூட. சராசரி 10.7 க்கு வந்து நிற்கும். ஆகவே, என் கார் நேற்று எட்டு யூனிற்றில் வந்தது என்று யாராவது சொன்னால், எந்தத் திசையில் வந்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

ரயர் விஷயத்தில் நம்மவர்கள் பெரிதாக ஏமாறுகிறார்கள். புதிய மின்காரில் வரும் ரயர் குறைந்த உருள் எதிர்ப்புக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது தேய்ந்ததும் கடையில் கிடைக்கும் மலிவான ஒன்றைப் போடுகிறோம். ஐரோப்பிய ரயர் லேபலில் ‘ஏ’ தரம் என்றால் ஒரு தொன் சுமைக்கு 6.5 கிலோவுக்கு மேற்படாத எதிர்ப்பு, கடைசித் தரமான ‘ஈ’ என்றால் 10.6 இலும் அதற்கு மேலும். ஒரு தொன்னுக்கு 8 கிலோ உள்ள ரயரைக் கழற்றி 12 கிலோ உள்ளதைப் போட்டால், 60 இல் போகும் நம் காரின் மொத்த எதிர்ப்பு கால்வாசிக்கு மேல் ஏறுகிறது. இலட்சக்கணக்கில் கூடக் கொடுத்து வாங்கிய திறனை நான்கு ரயர் தின்றுவிடும். காற்றுக் குறைந்த ரயரும் அதே வேலையைச் செய்யும். பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பினால் கிரவல் வீதி, கடற்கரைப் பக்கம் மணல். அங்கே உருள் எதிர்ப்பு இரண்டு மடங்குக்குப் போகலாம். வீதியைத் தார் போடுவதும் எரிசக்திச் சிக்கனம்தான், அதை யாரும் அந்தக் கணக்கில் எழுதுவதில்லை.

பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் திரும்பக் கிடைக்கும் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். உண்மைதான். கண்டியிலும் நுவரெலியாவிலும் கொழும்பு நெரிசலிலும் அது பெரிய வரம். ஆனால் சில்லிலிருந்து பற்றரிக்குப் போய் மறுபடி சில்லுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்களவு தொலைந்துவிடுகிறது. நிற்காமல் உருளக்கூடிய வீதியில் காலைத் தளர்த்தி உருளவிடுவதே மேல். தூரத்தில் மாட்டுப்பட்டி தெரியும்போதே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் வன்னிச் சாரதி, அறியாமலே நல்ல மின்கார் சாரதி.

மேடில்லாத வீதியும் மிதமான வேகமும் நமக்குச் சாதகம். குளிரும் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் மாசி மாதத்தில் கார் பாதித்தூரம்தான் ஓடுகிறது என்று புலம்பினால் அது பொய்யாக இராது: அங்கே காரைச் சூடாக்கவே பெரும் மின்சாரம் போகிறது, குளிர்ந்த பற்றரியும் ஒத்துழைப்பதில்லை. நோர்வேயின் வாகன ஓட்டுநர் சங்கம் ஆண்டுதோறும் மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பல மின்கார்களை ஒரே பாதையில் ஓடவிட்டு முடிவுகளை வெளியிடுகிறது. குளிர்நாட்டு நிறுவனங்கள் காரைச் சூடாக்கவென்று பெருமையோடு விற்கும் ஹீட் பம்ப் நமக்குத் தேவையே இல்லாத செலவு.

நமக்கு எதிரி வெப்பம். அது தாக்கும் இடம் வேறு. திறன் வேறு, தூரம் வேறு என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து வயதான லீஃப் ஒன்று 100 கிலோமீற்றருக்கு எடுக்கும் யூனிற் புதிதில் எடுத்ததைவிட அதிகம் கூடியிருக்காது. ஆனால் அதன் பற்றரி கொள்ளும் யூனிற் குறைந்திருக்கும். முதல் தலைமுறை லீஃப்பின் பற்றரிக்குத் திரவக் குளிரூட்டல் இல்லை. 2012 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் பற்றரியின் கொள்ளளவு வேகமாகக் குறைவதைக் கண்டு உரிமையாளர்கள் முதன்முதலில் கொதித்தெழுந்தார்கள். அதன்பிறகே நிசான் பற்றரிக் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுத்தது, 2015 மாதிரியில் வெப்பம் தாங்கும் பற்றரியையும் கொண்டுவந்தது. லீஃப்பின் முகப்பில் பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். முதற் கட்டம் மறையும்போதே கொள்ளளவில் 15 விழுக்காடு போயிருக்கும், அதன்பின் கட்டத்துக்கு 6 விழுக்காடு அளவில் போகும். பாவித்த லீஃப் பார்க்கப் போகிறவர் பெயின்ற் பார்ப்பதற்கு முன் அந்தக் கட்டங்களை எண்ண வேண்டும். லீஃப்ஸ்பை என்ற செயலியால் இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் இரும்புப் பொஸ்பேற் வகைப் பற்றரியும் குளிரூட்டலும் இருக்கின்றன. வெப்பத்தை அவை கூடுதலாகத் தாங்கும்.

முள்ளிவாய்க்காலிலிருந்து மாங்குளம் வழியாக வவுனியா போய்வர இருநூறு கிலோமீற்றரைத் தாண்டும். இடையில் நம்பிச் சார்ஜ் போடக்கூடிய இடம் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். பத்துக் கட்டத்துக்கு வந்துவிட்ட 24 யூனிற் லீஃப் ஒரு வழிக்குப் போதும், திரும்பி வரப் போதாது. இங்கே திறன் என்பது காசுக் கணக்கு மட்டுமல்ல, இரவு வீடு வந்து சேர்வதா இல்லையா என்பதும் அதுதான்.

அளப்பதில் இன்னொரு ஓட்டை சார்ஜ் போடும் இடத்தில் இருக்கிறது. காரின் முகப்பு காட்டுவது பற்றரியிலிருந்து போனதை. பில் வருவது சுவரிலிருந்து போனதற்கு. அட்டோ 3 இன் 60.48 யூனிற்றை 420 கிலோமீற்றரால் வகுத்தால் 100 க்கு 14.4 வரும். அதே காருக்கு ஐரோப்பிய முறைப்படி அறிவிக்கப்பட்ட செலவு 15.6. இடைவெளி பெரும்பாலும் சார்ஜில் ஏற்படும் இழப்பு. வீட்டுச் சாதாரணப் பிளக்கில் மெதுவாகப் போட்டால் இழப்பு இன்னும் கூடும். சார்ஜ் நடக்கும் நேரமெல்லாம் காரின் மின்னணுப் பாகங்கள் விழித்திருந்து இருநூறு, முந்நூறு வாட் எடுத்துக்கொண்டிருக்கும். 2.3 கிலோவாட்டில் போடும்போது அது பத்தில் ஒரு பங்கு, 6.6 கிலோவாட்டில் போட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே சுவரில் ஒரு சப் மீட்டர் பூட்டாமல் சொல்லப்படும் எந்த எண்ணையும் நான் பாதிதான் நம்புவேன்.

பெற்றோலோடு ஒப்பிட்டால் என்ன? ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 8.9 யூனிற் சக்தி இருக்கிறது. லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் கார் 100 க்கு 74 யூனிற்றை எரிக்கிறது. மின்கார் சுவரிலிருந்து எடுப்பது 15. ஐந்து மடங்கு என்று கைதட்டுவதற்கு முன் மின்சாரம் வந்த வழியையும் பார்க்க வேண்டும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையத்தில் நிலக்கரி எரித்துத்தான் அந்த மின்சாரம் வந்தது என்றால், கம்பி இழப்பும் சேர்த்து 100 கிலோமீற்றருக்கு 47 யூனிற் அளவு நிலக்கரிச் சக்தி போகும், சுமார் 16 கிலோ கரியமிலவாயு வெளிவரும். பெற்றோல் காருக்கு 19 கிலோ. லீற்றருக்கு 20 ஓடும் ஹைபிரிட் காருக்கோ 11.5 தான். நிலக்கரியில் மட்டும் ஓடும் மின்கார் நல்ல ஹைபிரிட்டிடம் தோற்கிறது என்பதை மின்கார் அன்பர்கள் சொல்வதில்லை. அண்மைய ஆண்டுகளில் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி நீர், காற்று, வெயிலிலிருந்து வருவதால்தான் மின்கார் முன்னே நிற்கிறது.

எந்த நேரத்தில் சார்ஜ் போடுகிறோம் என்பதும் இதில் சேரும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை விழுந்தபோது, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. மின்சாரம் மிஞ்சிப்போய் நிறுத்தச் சொல்கிறார்கள், மின்கார் உரிமையாளரோ இரவில் போடுகிறார். பாடசாலை ஆசிரியரும் பிரதேச செயலக அலுவலரும் காலை எட்டிலிருந்து பின்னேரம் வரை காரை வெயிலில் நிறுத்திவைக்கிறார்கள். அந்த வாகனத் தரிப்பிடத்துக்குச் சூரியத் தகட்டில் கூரை போட்டு அடியில் பிளக் வைத்தால், நிழலும் கிடைக்கும், பகல் மின்சாரமும் கிடைக்கும், பற்றரியும் வேகாது.

அரசின் வரி முறை இதில் எதையும் பார்ப்பதில்லை. மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட்டையும் காரின் வயதையும் வைத்துப் போடப்படுகிறது. 2025 இல் பிவைடி கார்கள் சுங்கத்தில் தேங்கிய தகராறும் மோட்டாரின் வலு எவ்வளவு என்பதில்தான் எழுந்தது. வலுவான மோட்டார் கூடுதலாக மின்சாரம் குடிக்கும் என்பது எஞ்சின் காலத்து நினைப்பு. பெரிய பெற்றோல் எஞ்சின் மெதுவாகப் போகும்போதும் வீணாக எரிக்கும். மின்மோட்டார் அப்படியல்ல, 60 இல் போகும்போது 100 கிலோவாட் மோட்டாரும் 150 கிலோவாட் மோட்டாரும் எடுப்பது ஏறக்குறைய ஒன்றே. செலவைத் தீர்மானிப்பவை எடை, உருவம், ரயர், ஏசி. வரியைச் சுவரில் அளந்த யூனிற்றோடு கட்டினால் இறக்குமதியாளர் திறமான காரைத் தேடிக் கொண்டுவருவார்.

சிறிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மின்ஸ்கூட்டர் ஒன்று 100 கிலோமீற்றருக்கு மூன்று யூனிற் அளவில் ஓடிவிடும். மிகத் திறமான மின்காரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. புதுக்குடியிருப்புச் சந்தைக்கு ஒருவர் போய்வர 1,600 கிலோ இரும்பை நகர்த்துவதில் எந்தத் திறனும் இல்லை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. ஏ35 அங்கிருந்து அதிக தூரம் இல்லை. நோர்வேயில் ஒரு சங்கம் செய்வதை இந்தப் பீடம் செய்யலாம்: நாட்டில் விற்பனைக்கு இருக்கும் மின்கார்களை ஒரே ரயர்க் காற்றில், ஒரே சுமையில், ஏசி போட்டு, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கும் திரும்பவும் ஓட்டி, சுவரில் பூட்டிய மீட்டரில் முழுச் சார்ஜிலிருந்து மறுபடி முழுச் சார்ஜ் வரை அளந்து, கச்சானில் ஒருமுறை, வாடையில் ஒருமுறை முடிவை வெளியிடலாம். மின்விசிறிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நட்சத்திர லேபல் கொண்டுவந்த இலங்கை நிலைபெறுதகு சக்தி அதிகார சபை, அந்த எண்ணைக் காரின் கண்ணாடியிலும் ஒட்டவைக்க வேண்டும். அதுவரை, கார் பார்க்கப் போகிறவர்கள் ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர் என்று கேட்காதீர்கள். 32 பாகை வெயிலில், ஏசி போட்டு, 60 இல், 100 கிலோமீற்றருக்குச் சுவரிலிருந்து எத்தனை யூனிற் என்று கேளுங்கள். விற்பவரிடம் பதில் இல்லையென்றால், காரை ஒரு நாள் இரவலாக வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.